லெயோ லாக்ரான்ஜின் டிக்கெட்டில் லூர்துக்குப் போய் வந்தோம்

முதலில் புள்ளியைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்காகத்தான் வாசிக்க வருவீர்கள். பிரெஞ்சு ரயிலில் கிடைக்கும் வருட லீவு டிக்கெட்டுக்கு, அதாவது 'பியே து கோன்ஜே அனுயேல்' என்பதற்கு, நான் கொடுப்பது 5க்கு 3. பிள்ளைகள் 12 வயதைத் தாண்டிய குடும்பம் என்றால் 4 கொடுக்கலாம். தனி ஆளாகப் போகிறவருக்கு, அதிலும் மூன்று மாதத்துக்கு முன்பே கணினிக்கு முன்னால் உட்கார்ந்து மலிவு டிக்கெட் பிடிக்கத் தெரிந்தவருக்கு, 1 கூடத் தேறாது. ஏன் இந்த வித்தியாசம் என்று கீழே சொல்கிறேன். அதோடு இந்த டிக்கெட்டைக் கொண்டுவந்த லெயோ லாக்ரான்ஜ் என்ற மனிதரைப் பற்றியும் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன், டிக்கெட்டை விட அவர்தான் எனக்குப் பிடித்துப்போனார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிசுக்கு வந்து இத்தனை வருடமாகியும் போன வருடம் வரை இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் நின்று நாலு பேரோடு கதைத்தால் கொழும்புக்கு எந்த விமானம் மலிவு, லண்டனுக்கு எந்த பஸ் நல்லது என்று விரல் நுனியில் வைத்திருப்பார்கள். லூர்து மாதாவிடம் போவதென்றால் யாராவது ஒருவர் வான் பிடிப்பார், எட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு இரவிரவாக ஓடி விடிய அங்கே இறங்குவோம். சைவக்காரர், வேதக்காரர் என்ற பேதமெல்லாம் அதில் இல்லை. நாங்களும் அப்படித்தான் இரண்டு தடவை போனோம். மூன்றாவது தடவை மனிசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், முதுகு தாங்காது, ரயில் என்றால் வருகிறேன், இல்லையென்றால் மாதா இங்கிருந்தே கும்பிட்டாலும் கேட்பா என்று.

உணவகத்தில் என்னோடு குசினியில் நிற்கும் மாலி நாட்டு அண்ணர் ஒருவர்தான் வழி காட்டினார். அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், பிரான்ஸில் சட்டமாகக் கிடைக்கும் எந்தக் காசையும் விட்டுவைக்காத ஆள். "வருடத்துக்கு ஒருக்கா உனக்கு உரிமையிருக்கு, ஏன் விடுகிறாய்" என்று கேட்டார். எனக்கு உடனே அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா இலங்கையில் அரசாங்க உத்தியோகம், லீவில் போய் வர ரயில் வாரண்ட் கிடைக்கும், அந்தத் தாளை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்து, கோட்டை நிலையத்தில் அதைக் கொடுத்து டிக்கெட் மாற்றும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருக்கும். யாழ்ப்பாணம் போகிற யாழ்தேவி ரயிலில் இடம் கிடைக்குமா என்பது வேறு விஷயம். இங்கே தனியார் கடையில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று இருக்கிறது என்பது எனக்குப் புதினமாக இருந்தது.

சரி, விஷயம் இதுதான். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், விவசாயி, கைத்தொழில் செய்கிறவர், வேலையில்லாமல் உதவிப்பணம் எடுக்கிறவர், பென்ஷன்காரர் என்று பலருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை, போக வர இரண்டும் சேர்ந்து குறைந்தது 200 கிலோமீட்டர் வருகிற ஒரு பயணத்துக்கு 25 வீதம் கழிவு. உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் கணவன் அல்லது மனைவிக்கும், 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அதே கழிவு. கலியாணம் கட்டாதவர் என்றால் கூட இருக்கும் அம்மா அப்பாவைச் சேர்க்கலாம். 'ஷெக் வக்கான்ஸ்' என்று சில கம்பனிகள் கொடுக்கிற விடுமுறைக் காசோலை உங்களிடம் இருந்து, டிக்கெட் விலையில் பாதியையாவது அதால் கட்டினால், நெரிசல் இல்லாத ரயில்களில் கழிவு 50 வீதம் ஆகும். எங்கள் கடையில் அப்படி ஒன்றும் கிடையாது, அதனால் அந்தப் பக்கத்தை நான் சோதித்துப் பார்க்கவில்லை. மலிவு ரயிலான வீகோவில் இது செல்லாது. இல்-து-பிரான்ஸுக்குள்ளேயே, அதாவது பாரிசுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உள்ளேயே, ஓடித் திரிய இது உதவாது.

வேலை செய்கிறவர் என்றால் படிவத்தில் முதலாளி கையெழுத்திட்டு சீல் குத்த வேண்டும். இங்கேதான் எனக்குச் சறுக்கியது. எங்கள் முதலாளி நல்ல மனிதர், ஆனால் தாள் என்றால் அவருக்கு அலர்ஜி, எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கிற அலுவலகத்துக்குத் தள்ளிவிடுவார். படிவம் அங்கே போய், இரண்டு கிழமை படுத்துக் கிடந்து, கையெழுத்தோடு திரும்பி வந்தது. சீல் இல்லை. மறுபடி அனுப்பினேன். இம்முறை சீல் இருந்தது, ஆனால் என் பெயரில் ஓர் எழுத்து பிழை. உங்களுக்குத் தெரியும்தானே, எங்களுடைய பெயர்கள் இங்குள்ள படிவங்களின் கட்டங்களுக்குள் அடங்குகிற பெயர்கள் இல்லை. மூன்றாம் தடவை சரியாக வந்தபோது ஜூலை பாதி தாண்டிவிட்டது, ஆகஸ்ட் ரயில்களில் விலை ஏறி உட்கார்ந்துவிட்டது. இதில் டிக்கெட்டின் பிழை ஒன்றுமில்லை, நான் ஏப்ரலிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் ஒரு கழிவை வாங்க இன்னொருவர் சீல் குத்த வேண்டும் என்ற ஏற்பாடே, சீல் குத்துகிறவரின் சோம்பலுக்கு உங்கள் விடுமுறையை அடகு வைப்பது மாதிரித்தான். கையில் சம்பளச் சீட்டு இருக்கிறது, அதைக் காட்டினால் போதாதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ரயில் நிலையக் கவுண்டரில் இருந்த அம்மா, வயதானவர், படிவத்தைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே "ஆ, பியே லாக்ரான்ஜ்!" என்றார், அதாவது லாக்ரான்ஜ் டிக்கெட். எனக்கு ஒரு கணம் பொறி தட்டியது. என் இளையவன் புதன்கிழமை பின்னேரம் பந்து விளையாடப் போகிற மைதானத்தின் பெயரும் லெயோ லாக்ரான்ஜ்தான். அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று எத்தனை நாள் அவனுக்காகக் காத்திருந்திருப்பேன், யாரோ பழைய கோல் கீப்பராக்கும் என்று நினைத்திருந்தேன். பாரிஸ் 12ஆம் வட்டாரத்தில், வென்சேன் காட்டோரம் ஷரந்தோன் வாசலுக்குக் கிட்ட ஒரு மைதானம் இதே பெயரில் இருக்கிறது. பெசான்சோனில் இருக்கிறது. புறநகர் ஊர்களில் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், இளைஞர் மன்றம் என்று எங்கு திரும்பினாலும் இந்தப் பெயர். ஆனால் யார் என்று கேட்டால் பிரெஞ்சுக்காரரிலேயே பாதிப் பேர் தோளைக் குலுக்குகிறார்கள்.

அவர் பந்தடிகாரர் இல்லை. வக்கீல், சோசலிஸ்ட் அரசியல்வாதி. 1900 நவம்பர் 28இல் பொர்தோவுக்குப் பக்கத்தில் பூர் என்ற சின்ன ஊரில் பிறந்தார். சின்ன வயதில் சாரணர், பிறகு சட்டப் படிப்பு, சோசலிஸ்ட் கட்சி, கட்சிப் பத்திரிகையான லெ பொப்புலேரில் எழுத்து. 1932இல் வடக்கே, நெசவு ஆலைகள் நிறைந்த அவேன் பகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். பிறந்தது திராட்சைத் தோட்ட ஊரில், வாக்குப் போட்டது ஆலைத் தொழிலாளர்கள்.

1936 மே மாதத் தேர்தலில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி வென்றது. அரசாங்கம் பதவி ஏற்க முன்னமே நாடு முழுக்க வேலைநிறுத்தம், தொழிலாளர்கள் ஆலைகளை விட்டு வெளியே வராமல் உள்ளேயே தங்கி, அக்கோர்டியன் வாசித்து ஆடிக்கொண்டு இருந்தார்கள். ஜூன் 4இல் லெயோன் ப்ளூம் பிரதமரானார். ஜூன் 7 இரவு பிரதமரின் அலுவலகமான மத்தீன்யோன் மாளிகையில் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் போட்டார்கள். ஜூன் 20இல் சம்பளத்தோடு இரண்டு கிழமை லீவு சட்டமானது, அதோடு ஒட்டி வாரத்துக்கு 40 மணி நேர வேலைச் சட்டமும் வந்தது. எல்லாம் ஒரு மாதத்துக்குள். நாங்கள் ஒரு சீலுக்கு அலைந்த காலத்துக்குள் அவர்கள் இவ்வளவும் செய்துவிட்டார்கள்.

அந்த அரசாங்கத்தில் ப்ளூம் அதுவரை இல்லாத ஒரு பொறுப்பை உருவாக்கினார். விளையாட்டும் ஓய்வு நேரமும். முழு அமைச்சர் பதவி இல்லை, ஒரு படி கீழே, சுகாதார அமைச்சின் கூரைக்குள் ஓர் அறை மாதிரி. அதில் 35 வயது லாக்ரான்ஜை உட்கார வைத்தார். வலதுசாரிப் பத்திரிகைகள் சும்மா விடுமா, 'சோம்பேறித்தனத்துக்கான அமைச்சு' என்று கிண்டல் அடித்தன. ஓய்வு என்பது ஏதோ பணக்காரரின் சீதனச் சொத்து, அதில் ஆலைக்காரன் கை வைக்கக் கூடாது என்ற மாதிரி. அடுத்த சில கோடைகளில் கடற்கரைக்கு வந்த தொழிலாளரை 'கோன்ஜே பெயே', அதாவது 'சம்பள லீவுக்காரர்' என்று மூக்கைச் சுளித்துச் சொல்வது வசதியான குடும்பங்களில் பழக்கமானது. சொல்லைப் பாருங்கள், சட்டத்தின் பெயரையே வசவாக்கிவிட்டார்கள்.

இந்த மனிதரை நான் மதிப்பது இதனால்தான். லீவுச் சட்டம் அவர் போட்டதில்லை. அது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியது, ப்ளூமின் அரசாங்கம் நிறைவேற்றியது. ஆனால் கையில் இரண்டு கிழமை லீவும், பையில் ஒன்றும் இல்லாமலும் இருக்கிற ஆள் எங்கே போவான்? வீட்டு வாசல்படியில் குந்தியிருப்பான். அதைச் சரியாகப் பிடித்தவர் லாக்ரான்ஜ். அப்போது பிரான்ஸில் ஒரே தேசிய ரயில் நிறுவனம் கிடையாது, அது 1938 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன் தனித்தனி ரயில் கம்பனிகள். அவர்களோடு பேசி, பேரம் பேசி, 40 வீதக் கழிவில் ஒரு மக்கள் டிக்கெட்டை 1936 ஆகஸ்டிலேயே கவுண்டருக்குக் கொண்டுவந்துவிட்டார். பதவி ஏற்று இரண்டு மாதம். அந்த முதல் கோடையில் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் அதில் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குக் கடலைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அவருக்கு விளையாட்டிலும் இதே மூளைதான். ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்க்க இருபத்திரண்டு பேர் ஓடுகிற விளையாட்டு அவருக்குப் பெரிதாகப் படவில்லை, அந்த ஆயிரம் பேரும் ஓட வேண்டும் என்றார். ஊர் ஊராக மைதானம், நீச்சல் குளம், இளைஞர் விடுதிகள், மலிவான பனிச்சறுக்குப் பயணம் என்று தள்ளிக்கொண்டே போனார். 1937இல் மக்கள் விளையாட்டுச் சான்றிதழ் என்று ஒன்றைத் தொடங்கினார், ஓட்டம், பாய்ச்சல், எறிதல் மாதிரி சாதாரண சோதனைகள்தான், வீரர் ஆவதற்கில்லை, உடம்பு ஓடியாடுகிறதா என்று பார்ப்பதற்கு. அதே காலத்தில் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அரசாங்கம் இளைஞர்களின் ஓய்வு நேரத்தைச் சீருடை போட்டு வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தது. லாக்ரான்ஜ் திரும்பத் திரும்பச் சொன்னது, ஒரு ஜனநாயக நாட்டில் ஓய்வைப் பட்டாளம் ஆக்கக் கூடாது, வசதியைச் செய்து கொடுத்துவிட்டு அரசாங்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது. ரயில் டிக்கெட் அதற்கு நல்ல உதாரணம். எங்கே போகிறாய் என்று அது கேட்பதில்லை. 200 கிலோமீட்டர் வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

குறையே இல்லாத ஆள் என்று சொல்ல வரவில்லை. 1936 கோடை என்றால் பெர்லின் ஒலிம்பிக் இருக்கிறதே. ஹிட்லரின் விழாவுக்குப் போகக் கூடாது என்று இடதுசாரி விளையாட்டுச் சங்கங்கள் கத்தின, பார்சலோனாவில் எதிர்ப்பாக ஒரு மக்கள் ஒலிம்பிக்கை ஏற்பாடு செய்தார்கள். லாக்ரான்ஜின் மனம் பார்சலோனா பக்கம்தான், அதற்கான தேர்வுப் போட்டிகளுக்கு நேரில் போய் நின்றார். ஆனால் அவர் இருந்த அரசாங்கம் இரண்டு பக்கமும் காலை வைத்தது, பார்சலோனாவுக்கும் கொஞ்சம் காசு, பெர்லினுக்கும் காசு. பெர்லின் செலவுக்கான வாக்கெடுப்பில் இடதுசாரிகளில் பலர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள், எதிர்த்துக் கையை உயர்த்தியவர் பியர் மாந்தெஸ் ஃபிரான்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் ஒரே ஒருவர். பார்சலோனாவும் நடக்கவில்லை. ஜூலை 19இல் தொடங்க இருந்தது, அதே நேரம் ஸ்பெயினில் தளபதி பிராங்கோவின் பட்டாளக் கலகம் வெடித்து, ஓட வந்த பெடியன்கள் தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு எழும்பினார்கள். இதை என் இளையவனுக்குச் சொன்னபோது அவன் கேட்டான், "அப்போ அவர் பதவியை விட்டிருக்கலாமே?" பதினாலு வயதில் எல்லாம் சுலபம். ஆனாலும் கேள்வி பிழையில்லை. விட்டிருந்தால் அந்த ஆகஸ்ட் டிக்கெட் வந்திருக்குமா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்கு அவனிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

ப்ளூமின் அரசாங்கம் 1937 ஜூனில் விழுந்தது. லாக்ரான்ஜ் அடுத்து வந்த அமைச்சரவையிலும், 1938 வசந்தத்தில் ப்ளூமின் சில வாரக் குறுகிய ஆட்சியிலும் அதே வேலையைத் தொடர்ந்தார். எல்லாம் சேர்த்து இரண்டு வருடம் கூட வராது. 1939இல் யுத்தம் வந்தபோது நாடாளுமன்ற உறுப்பினர் என்று சொல்லி பாரிஸிலேயே இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தானாகவே பட்டாளத்தில் சேர்ந்து முன்னணிக்குப் போனார். 1940 ஜூன் 9இல் 'ஏன்' (Aisne) என்ற மாவட்டத்தில் எவெர்னிகூர் என்ற ஊரில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். வயது 39. இரண்டு கிழமையில் பிரான்ஸ் சரணடைந்தது.

இதற்குப் பிறகு கதையில் ஒரு அழகான முடிச்சு இருக்கிறது. யுத்தத்துக்குப் பிறகு வடக்கே பியர் மொருவா என்ற இளம் சோசலிஸ்ட் ஆசிரியர் லெயோ லாக்ரான்ஜ் பெயரில் இளைஞர் மன்றங்களைக் கட்டத் தொடங்கினார், இன்றைக்கு அந்தக் கூட்டமைப்பு நாடு முழுக்கப் பிள்ளைகள் காப்பகம், விடுமுறை முகாம் என்று நடத்துகிறது. அந்த மொருவா 1981இல் பிரதமரானார். 1956இல் மூன்று கிழமையாகவும் 1969இல் நாலு கிழமையாகவும் வளர்ந்திருந்த சம்பள லீவை 1982இல் ஐந்து கிழமை ஆக்கியது அவருடைய அரசாங்கம். மேலே சொன்ன விடுமுறைக் காசோலையும் அதே வருடம்தான் வந்தது. நான் ஆகஸ்டில் கால் நீட்டிப் படுக்கிற ஐந்தாவது கிழமைக்கும் என் பெடியன் பந்தடிக்கிற மைதானத்தின் பெயருக்கும் இப்படி ஒரு உறவு இருக்கும் என்று யார் கண்டது.

அப்புறம் காசுக் கணக்கு. இதில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். 40 வீதமாகத் தொடங்கிய கழிவு இன்றைக்கு 25. அது போதாதென்று, 25 வீதம் கழிவது அந்த டிக்கெட்டின் சாதாரண விலையில். இப்போது தேஜேவே (TGV) என்கிற அதிவேக ரயிலின் விலை மீன் சந்தை மாதிரி, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, கூட்டம் ஏற ஏற விலையும் ஏறும். மூன்று மாதம் முன்பே பிடித்தால் கிடைக்கிற விலையும், கடைசி நேரத்தில் கழிவோடு கிடைக்கிற விலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முந்திப் பிடித்தவன்தான் அநேகமாக வெல்வான். கழிவுக்கென்று ஒவ்வொரு ரயிலிலும் ஒதுக்கிய இடங்களும் ஓர் அளவுக்குத்தான், அது முடிந்தால் முடிந்தது. ஆகஸ்டில் கடையைப் பூட்டுகிற உணவக வேலைக்காரர் எல்லாரும் ஒரே கிழமையில் கிளம்புவோம், அந்த இடங்களுக்குப் போட்டியும் எங்களுக்குள்தான்.

அடுத்து 'கார்த் அவான்தாஜ்', காசு கட்டி எடுக்கிற ரயில் கழிவு அட்டை. வருடத்துக்கு 49 யூரோ, 30 வீதக் கழிவு, கூட வரும் ஒருவருக்கும் அதே கழிவு, 4 முதல் 11 வயதுக்குள் மூன்று பிள்ளைகள் வரை 60 வீதக் கழிவு. சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம், அந்த கார்த்தை எடுங்கள். என்னுடைய இரண்டும் 14, 17. அவர்களுக்கு அந்தப் பிள்ளைக் கழிவு கிடையாது, ஆளுக்கு ஒரு இளைஞர் கார்த், அதுவும் 49. போக வர ஒரு டிக்கெட் 150 யூரோ என்று வையுங்கள், கணக்கு சுலபமாக இருக்க. நாலு பேருக்கு 600. லீவு டிக்கெட்டில் 150 யூரோ மிச்சம், ஒரு சதமும் கட்டணம் இல்லை. கார்த்தில் எனக்கும் மனிசிக்கும் சேர்த்து 90 யூரோ கழியும், கார்த்துக்கு 49 போக 41. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 45 கழிந்து 49 போகும், அதாவது ஆளுக்கு 4 யூரோ நட்டம். மொத்தம் 33 யூரோதான் மிச்சம். வருடத்தில் நாலு ஐந்து தடவை ரயில் ஏறுகிறவருக்கு கார்த் பிறகு உழைத்துத் தரும், அது வேறு. வருடத்தில் ஒரே ஒரு தடவை குடும்பமாகக் கிளம்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு லாக்ரான்ஜின் டிக்கெட் இன்றைக்கும் வெல்கிறது. இன்னொன்று, பெரியவர்களுக்கான கார்த்தில் பயணத்துக்குள் சனி ஞாயிறு வர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. உணவக வேலையில் திங்கள் போய் வியாழன் வருகிற லீவுதான் சில நேரம் கிடைக்கும். லீவு டிக்கெட்டுக்கு அந்தச் சனி ஞாயிறுத் தொல்லை இல்லை.

பயணம் நன்றாக இருந்தது, அதில் எழுத அதிகம் இல்லை. மோன்பர்னாசில் ஏறி, பொர்தோ, தாக்ஸ், 'போ' (Pau) ஆகிய ஊர்களைத் தாண்டி, ஐந்து மணி நேரத்துக்குள் லூர்து. மனிசி புளிச்சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டியிருந்தாள், பக்கத்து இருக்கைப் பிரெஞ்சு அம்மா மணத்தைப் பிடித்து என்ன என்று கேட்டு, ஒரு கரண்டி ருசி பார்த்து, கண்ணில் தண்ணீரோடு நல்லாயிருக்கிறது என்றார். பொர்தோவுக்குச் சற்று முன் ரயில் தொர்தோன் ஆற்றைக் கடக்கிறது. பூர் அந்த ஆற்றோரம்தான், அங்கிருந்து அதிக தூரமில்லை. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் வலப்பக்க ஜன்னலில் கண்ணை ஊன்றினேன். மண்ணிறத் தண்ணீர், ஒரு பாலம், கொஞ்சம் திராட்சைத் தோட்டம், நாலு விநாடியில் போய்விட்டது. பிள்ளைகளிடம் அந்தப் பக்கம்தான் அவர் பிறந்த ஊர் என்று காட்டினேன். மூத்தவள் காதுக்குள் இருந்ததைக் கழற்றாமலே தலையாட்டினாள்.

லூர்தில் மெழுகுதிரி ஊர்வலத்தில் நிற்கும்போது முன்னால் இரண்டு தமிழ்க் குடும்பம், ஒன்று ஜெர்மனியிலிருந்து, மற்றது பாரிஸ் புறநகரிலிருந்து இரவு முழுக்க வான் ஓடி வந்தவர்கள். டிக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். வான் ஓட்டி வந்த அண்ணர் நம்பவில்லை. "சும்மா ஒருத்தனும் கழிவு தர மாட்டான் தம்பி, எங்கேயோ ஒளித்துப் பிடுங்குவான்" என்றார். நான் கையில் இருந்த டிக்கெட்டைக் காட்டினேன். விலையைப் பார்த்தார், தன் டீசல் செலவையும் நெடுஞ்சாலைக் கட்டணத்தையும் மனதில் கூட்டினார், பிறகு எட்டுப் பேருக்குப் பிரித்தார். வான்தான் மலிவு என்று முடிவு சொன்னார். கணக்குச் சரிதான், முதுகை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆக, யாருக்கு என்று கேட்டால்: வருடத்தில் ஒரே ஒரு நீளப் பயணம் போகிறவர்கள், பிள்ளைகள் 12க்கும் 21க்கும் இடையில் இருப்பவர்கள், லீவு நாள் பிந்தித்தான் தெரியவருகிறவர்கள், விடுமுறைக் காசோலை கிடைக்கிறவர்கள். மற்றவர்கள் முந்திப் பிடியுங்கள், அல்லது கார்த் எடுங்கள். 25 வீதம் இன்றைய விலைக்குக் காணாது, 40க்குத் திரும்பினால் நானே 5க்கு 5 போடுவேன். அடுத்த வருடம் வடக்கே அவேன் பக்கம் போகலாம் என்று ஒரு யோசனை, பாரிஸிலிருந்து போக வர 200 கிலோமீட்டர் தாராளமாக வருகிறது. மனிசிக்கு இன்னும் சொல்லவில்லை, அங்கே மாதாவும் இல்லை, கடலும் இல்லை. போகிறோமோ இல்லையோ, படிவத்தை இம்முறை ஏப்ரலிலேயே கொடுத்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கவுண்டருக்குப் போக முன் சீல் இருக்கிறதா, பெயர் சரியா என்று இரண்டு தடவை பாருங்கள்.